பக்கத்துக் கொடி

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்குச் 'சட்டம் சார்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கீழே தபால் பெட்டியில் ஒட்டியிருந்தது. அதைத் தபால்காரரைத் தவிர யாரும் படித்ததில்லை. எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசு முள்ளைக் குனிந்து பார்த்தே அவருக்கு முதுகு வளைந்துவிட்டது என்பாள் மனைவி. ஓய்வு பெற்ற கையோடு குடியிருப்போர் சங்கத்தில் அவரைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். வேறு யாரும் அந்தப் பதவிக்கு வர மாட்டேன் என்றதுதான் காரணம். அவரோ அதைத் தேர்தலில் ஜெயித்த மாதிரியே எடுத்துக்கொண்டார்.

லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம், செருப்பை எங்கே விடலாம், எந்த நேரத்துக்கு மேல் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றெல்லாம் அவர் எழுதிய விதிகள் நுழைவாயிலில் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருந்தன. அவற்றில் அவருக்கே மிகவும் பிடித்தது துணி பற்றிய விதி. 'பால்கனியிலோ, ஜன்னலிலோ, வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் வேறெந்த இடத்திலோ துணி உலர்த்தக் கூடாது.' அந்த 'வேறெந்த இடத்திலோ' என்ற சொல்லை ஒரு நாள் முழுக்க யோசித்துச் சேர்த்திருந்தார். ஓட்டையே இல்லாத வாக்கியம் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

அதை முதலில் மீறியவள் நாலாம் மாடி வயலின் பெண். இசைக்குழு ஒன்றில் வாசிப்பவள். கைக்குழந்தைக்காரி. குழந்தையின் துணிகளைப் பால்கனியில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் கட்டடத்துக்குப் பல் முளைத்த மாதிரி இருந்தது. அவர் மேலே போய் அழைப்பு மணியை அழுத்தினார்.

"உள்ள வாங்க சார். குழந்தை தூங்குது, மெதுவாப் பேசுங்க."

"பேச ஒண்ணும் இல்லம்மா. கயித்தை அவுத்துடுங்க. விதி இருக்கு."

"டிரையர்ல போட்டா அவனுக்குத் தடிப்பு வருது சார். வெயில்ல காஞ்சா வர்றதில்ல."

"உங்களுக்கு ஒரு நியாயம் இருக்கும், அடுத்த வீட்டுக்கு ஒரு நியாயம் இருக்கும். எல்லார் நியாயத்தையும் வெளியில தொங்கவிட்டா கட்டடம் என்னத்துக்கு ஆகும்?"

அவள் தோளில் தூங்கிய குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் துணிகளை உருவி எடுத்தாள். அவர் நின்று பார்த்துவிட்டு, கயிறும் அவிழ்ந்த பிறகுதான் கீழே இறங்கினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள், "குழந்தைத் துணி யார் கண்ணை என்னங்க உறுத்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். அவர் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள் அவள். எந்த இணைப்பில் மறுமுனை எடுக்காது என்று தெரிந்து, விட்டுவிடப் பழகியவள்.

அந்த மழைக்காலத்தில் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்துபோனது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் மருத்துவமனையில் படுத்தே கிடந்ததில் முதுகெல்லாம் வேர்க்குருவும் அரிப்புமாக வீட்டுக்கு வந்தாள். பால்கனியை ஒட்டிய அறையில் ஜன்னல் பக்கமாகக் கட்டிலை நகர்த்திப் போட்டார்கள். மகள் வந்து கூட இருந்துவிட்டு, விடுப்பு தீர்ந்ததும் கிளம்பினாள். போகும்போது அப்பாவுக்குச் சலவை இயந்திரத்தின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தாள். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்ததில்லை.

டிரையரிலிருந்து சூடாக எடுத்து விரித்த போர்வையில் மனைவி புரண்டு புரண்டு படுத்தாள்.

"என்ன, வலிக்குதா?"

"வலி இல்லைங்க. இது துணியே இல்ல. வறுத்து எடுத்த அப்பளம் மாதிரி சூடுதான் இருக்கு, வெயில் வாசனையே இல்ல. வெயில்ல காஞ்ச போர்வை ஒண்ணு போட்டுப் படுத்தாத் தேவலை."

அவள் எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்றால், "இருக்கிறதே போதும்" என்பவள். அப்படிப்பட்டவள் கேட்டது இது ஒன்று. அதுவும் அவர் எழுதி, கண்ணாடி போட்டு மாட்டிய விதிக்கு நேர் எதிரே நின்றது.

முதலில் அவர் விதிக்கு உட்பட்டே வழி தேடினார். அளவு பார்த்துப் பழகிய மனிதர் அல்லவா? நாடாவை எடுத்துப் பால்கனிக் கைப்பிடிச் சுவரின் உயரத்தை அளந்தார். அதற்கு ஒரு சாண் கீழே கயிறு கட்டினார். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆகவே விதி மீறல் இல்லை. கீழே தெருவுக்கு இறங்கி, நாலு இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். ஆனால் சுவருக்குக் கீழே வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. போர்வையின் பாதி தரையில் கிடந்தது. சாயங்காலம் எடுத்துக்கொண்டு போய் விரித்தார்.

அவள் ஒரு முறை முகர்ந்து பார்த்தாள். "நாய் குளிச்சிட்டு வந்து படுத்த மாதிரி இருக்குங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மதியம். வேலைக்குப் போகிறவர்கள் போயிருந்தார்கள். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அவர் பால்கனிக் கதவைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்தார். தராசில் கல்லை மாற்றி வைக்கும் கடைக்காரனின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தன் முகம் இப்போது அப்படித்தான் இருக்கும் என்றும் தோன்றியது. கயிற்றைத் தலைக்கு மேலே இழுத்துக் கட்டினார். ஈரப் போர்வையைத் தூக்கிப் போட்டார். அது கயிற்றில் சுருண்டு கயிறாகவே ஆகிவிட்டது.

கட்டிலில் இருந்தபடி அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உதறலையே நீங்க? முதல்ல உதறுங்க."

உதறினார். முகமெல்லாம் தண்ணீர் தெறித்தது.

"அப்படி இல்ல. ரெண்டு முனையையும் பிடிச்சு, சாட்டை சொடுக்குற மாதிரி. சத்தம் கேக்கணும்."

சொடுக்கினார். படீர் என்றது. எங்கோ உட்கார்ந்திருந்த புறாக்கள் எழுந்து பறந்தன.

"ஆங், இதுதான் சத்தம்!" என்றாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் குரலில் அந்தத் தெம்பு இருக்கவில்லை. "கண்ணை மூடிட்டுக் கேட்டா அப்படியே நம்ம பழைய கட்டடம்."

இருவரும் ஒரே கட்டடத்தில் வளர்ந்தவர்கள். நடுவே திறந்த முற்றம், அதைச் சுற்றி மூன்று மாடி, மாடிக்கு மாடி ஓடும் நடைபாதை, நடைபாதையை ஒட்டி வரிசையாக ஓரறை, ஈரறை வீடுகள். நடைபாதைக் கம்பியிலிருந்து எதிர்ப்பக்கக் கம்பிக்குக் கொடிகள் போகும். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கப்பி. துணியை மாட்டி இழுத்தால் கப்பி கிறீச்சிட்டுக்கொண்டே அதை முற்றத்தின் நடுவுக்கு, அந்தரத்துக்குக் கொண்டுபோகும். கீழே குழாயடியில் நின்று பார்த்தால் வானமே தெரியாது. சட்டைகளும் பாவாடைகளும் தலையணை உறைகளும்தான் தெரியும். அவற்றின் இடுக்கு வழியே விழும் வெயிலும் நீலம் பச்சை மஞ்சளாகவே விழும்.

"காலையில எழுந்து கொடியைப் பார்த்தாப் போதும், ஊர்ச் சேதி எல்லாம் தெரிஞ்சிடும்," என்றாள் அவள். "மூணாம் மாடியில பெரிய பெரிய காக்கிச் சட்டை தொங்கினா, கப்பல்காரர் வந்துட்டார்னு அர்த்தம். வாத்தியார் வீட்ல அவர் துணி ஒரு கோடியிலயும் அந்தக்கா துணி இன்னொரு கோடியிலயும் தொங்கினா, ராத்திரி சண்டை. ரெண்டு நாள் கழிச்சு அவர் சட்டைக் கையும் அந்தக்கா பாவாடையும் காத்துல பின்னிக்கிட்டுக் கிடக்கும். நாங்க மூணு பேரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்போம்."

மூணு பேர் என்றது அவளையும் அவள் தங்கைகளையும்.

"கஞ்சி போட்ட துணி மணக்கும் பாருங்க. நீலம் முக்கினது ஒரு மணம். மத்தியானம் வெயில் ஏறி, துணியெல்லாம் பாதி காஞ்சும் காயாமயும் இருக்கும்போது அதுக்குள்ள புகுந்து நடந்தா... அந்த மணத்தை எந்த சோப்புக் கம்பெனிக்காரனும் டப்பாவில அடைக்கல."

அவர் பால்கனியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே கட்டடம்தான், அதே முற்றம்தான். ஆனால் அவர் நினைவில் அந்தக் கொடி வேறு மாதிரி தொங்கியது.

அவருக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா போய்விட்டார். அப்பா அச்சகத்தில் மை உருட்டுகிறவர். மையைக் கரைக்கும் எண்ணெய் பட்டுப் பட்டு, அப்பாவின் பனியன்கள் எல்லாம் இற்றுப்போய்ப் பொத்தல் பொத்தலாக இருக்கும். விடுமுறை நாளில் அப்பாவே துவைத்து, தெரிந்த மட்டுக்கும் பிழிந்து கொடியில் போடுவார். அப்பாவின் பழைய பனியன்தான் சுருக்கித் தைத்து அவருக்கு வரும். மாடிப்படியில் ஏறி இறங்கும் பையன்கள் அந்தப் பனியன்களைப் பார்த்து, "சல்லடை காயுதுடா!" என்று கத்துவார்கள். அப்புறம் அதுவே அவர் பெயர் ஆனது. பள்ளிக்கூடம் முடியும்வரை அவர் 'சல்லடை'தான். ஆளாகி, சொந்தமாகச் சம்பாதித்து, முதலில் வாங்கியது அரை டஜன் புதுப் பனியன். அதை வெளியில் உலர்த்தவே இல்லை. அறைக்குள்ளேயே மின்விசிறிக்கு அடியில் காயவைத்துப் போட்டுக்கொண்டு போனார்.

இதெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் காவலாளி நின்றார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் கண் தரையில் இருந்தது.

"சார், பால்கனியில துணி தொங்குதுன்னு புகார் வந்திருக்கு. பல் டாக்டர் ஃபோன் பண்ணினார்."

"யார் வீட்லய்யா?"

காவலாளி தொண்டையைச் செருமினார். "நம்ம வீட்லதான் சார்."

பல் டாக்டர் சங்கத்தின் தலைவர். எதிர்ச்சாரியில்தான் அவருடைய மருத்துவமனை. நோயாளி வாயைக் கொப்பளித்துத் துப்பும் இடைவெளியில் நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். விதிப்படி அன்று மாலைக்குள் அகற்ற வேண்டும். அப்படி எழுதியது யார் என்று காவலாளிக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இன்னும் காயல," என்றார் சட்டம் சார். "காஞ்சதும் எடுத்துடுறேன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பணிக்காலம் முழுக்க ஆயிரம் கடைக்காரர்கள் அவரிடம் இதே குரலில் இதே மாதிரி சாக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

சாயங்காலம் போர்வை காய்ந்து மொறுமொறுவென்று, அதே சமயம் எடையே இல்லாமல் இருந்தது. விரித்துவிட்டு, அவளை மெல்லப் புரட்டிப் படுக்கவைத்தார். அவள் கன்னத்தைத் துணியில் தேய்த்துக்கொண்டு, கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். அவருக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கத் தோன்றியது.

"உனக்கு அந்தக் கொடி பிடிக்கும்," என்றார். "எனக்குப் பிடிக்காது. எங்க துணிக்கு ஒரு நாளும் ஒழுங்கா வெயில் பட்டதில்ல. படிக்கட்டுப் பக்கமா, எங்க கொடிக்கு முன்னாடி உங்க கொடி. நாங்க துணி போடுறப்ப எல்லாம் சொல்லி வெச்ச மாதிரி உங்க வீட்டுப் போர்வை வந்து தொங்கும். 'இவங்களுக்கு எங்கிருந்துதான் இத்தனை போர்வையோ, வெயிலை மறைக்கிறதுக்குன்னே போடுறாங்க'ன்னு அப்பா முணுமுணுப்பார். பக்கத்து வீடாச்சேன்னு சண்டைக்கு வரல, அவ்வளவுதான்."

அவள் கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அதிர்ந்து இடுப்பில் போய்க் குத்த, "ஐயோ அம்மா" என்று வலித்துக்கொண்டே சிரித்தாள்.

"அத்தனை போர்வையா? எங்க வீட்ல இருந்ததே ரெண்டு போர்வைங்க. அஞ்சு பேருக்கு ரெண்டு."

"அப்புறம் எப்படி..."

"காஞ்ச போர்வையையே திரும்ப நனைச்சுப் போடுவோம்."

அவருக்கு விளங்கவில்லை.

"பக்கத்துக் கப்பிச் சத்தம் கேட்டதும் எங்கம்மா சொல்லும். 'அவங்க போட்டுட்டாங்கடி, போர்வையை எடு'ன்னு. மடிச்சு வெச்ச நல்ல போர்வையைக் கொண்டுபோய்க் குழாயடியில முக்கி எடுத்து, பிழிஞ்சு, ஓடி வந்து போடணும். அது என் வேலை. எரிச்சலா வரும் எனக்கு. 'துவைச்ச துணியை எதுக்கும்மா துவைக்கணும்'னு கேட்டா, 'தாயில்லாப் பிள்ளை வீடு. படியில போறவன் வர்றவனெல்லாம் பார்த்துச் சிரிக்கணுமா?'ன்னு கேக்கும்."

அவர் நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் பக்கமாக இழுத்தார்.

"நாங்க வெயிலை மறைக்கலைங்க," என்றாள் அவள். "கண்ணைத்தான் மறைச்சோம். ஆனா போர்வை காஞ்சதும் எடுத்துடணுமே, நாங்களும் அதுலதானே தூங்கணும்? அந்த நேரம் பார்த்து அந்தத் தறுதலைங்க படியேறி வந்துடும்."

"எல்லாம் உனக்குத் தெரியுமா? அந்தப் பேரு..."

"சல்லடைதானே? கட்டடத்துக்கே தெரியும். உங்க வீட்டுது மட்டும் கிழிசல்னு நெனச்சுட்டீங்களா? எல்லார் வீட்டுக் கிழிசலும் அங்கதான் காஞ்சுது. வெளிக் கொடியில போர்வை, உள் கொடியில கிழிசல். முன்னாடி ஒரு போர்வை, பின்னாடி ஒரு போர்வை, நடுவுல மானம். பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். உங்க வீட்ல சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல. அதான் உங்க வீட்டுக்குப் போட வேண்டிய போர்வையையும் எங்கம்மாவே சேத்துப் போட்டுச்சு."

அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். வெறும் கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் கட்டடம் இடிபட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. காலி செய்த நாளில் இரண்டு வீட்டுச் சாமான்களும் வண்டியில் ஒன்றோடு ஒன்று கலந்துபோய், அவள் வீட்டு அண்டாவைத் திருப்பிக் கொடுக்க அவர் போன இடத்தில்தான் இவர்கள் கல்யாணப் பேச்சே தொடங்கியது. அதற்குப் பிறகு அவள் அம்மா எத்தனையோ முறை வீட்டுக்கு வந்திருக்கிறார், இவர் கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உள்ளே வந்து, "இத்தனை வருஷமா ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார்.

"அண்டாவைக் கொடுக்க வந்தப்பவே சொல்லியிருந்தா, எங்கம்மாவுக்கு ஒரு நன்றியைச் சொல்லிட்டு நீங்க பாட்டுக்குப் போயிருப்பீங்க. எனக்கு நன்றியா வேணும்?" என்றாள். பிறகு, "கால்மாட்டுல கொஞ்சம் இழுத்து விடுங்க, சுருங்கியிருக்கு," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாளும் அவர் கயிற்றில் துணி போட்டார். இந்த முறை தெருவை இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. அதற்கும் மறுநாள் நாலாம் மாடியில் குழந்தைத் துணிகள் முளைத்தன. காவலாளி கீழே நின்று இரண்டு பால்கனிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

சங்கக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னார் பல் டாக்டர். செயலாளரின் மனைவியும் பேச விரும்புவதாலும், அவளால் கீழே இறங்கி வர முடியாததாலும் கூட்டம் அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. கட்டிலைக் கதவுப் பக்கமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் நாற்காலியிலும் சோபாக் கையிலும் சுவரோரமாகவும் இடம் பிடித்தார்கள்.

முதலில் சட்டம் சார் எழுந்தார். "விதியை எழுதினவன் நான். மீறினவனும் நான். அதனால செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிக்கிறேன்."

கூடமே பதறியது. "ஐயோ, அதெல்லாம் வேண்டாம் சார்!" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில். அவர் விலகினால் அந்த வேலை தங்கள் தலையில் விழும் என்ற பயம் எல்லார் முகத்திலும் தெரிந்தது.

பல் டாக்டர் கெட்டவர் இல்லை. அவர் தரப்பில் ஒரு கணக்கு இருந்தது. "எதிர்ல புதுக் கட்டடம் வந்திருக்கு. கண்ணாடி மாதிரி வெச்சிருக்காங்க. நம்ம கட்டடத்துல ஜட்டியும் பனியனும் தொங்கினா நாளைக்கு யார் குடி வருவாங்க? ஆனா அம்மாவோட உடம்பு நிலைமை எல்லாருக்கும் தெரியும். அவங்க குணமாகுற வரைக்கும் இந்த வீட்டுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துடலாம். யாருக்கும் ஆட்சேபம் இருக்காது."

பல தலைகள் ஆடின. சட்டம் சாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தார்.

"அப்போ எனக்குக் குணமாயிட்டா வெயில் கிடையாதா டாக்டர்?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நோயாளிக்குன்னு வெயில் தர்றதுன்னா எனக்கு வேண்டாம். நாலாம் மாடிக் குழந்தைக்கு முதுகெல்லாம் தடிப்பு. அது கூட்டத்துக்கு வந்து கை தூக்கிக் கேக்குமா? தந்தா எல்லாருக்கும் தாங்க. இல்லேன்னா எங்க கயித்தையும் இவரே அவுத்துடுவார். விதின்னா இவருக்கு உயிராச்சே."

யாரோ சிரித்தார்கள். வயலின் பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "முன்பக்கம்தானே தெரியுதுன்னு சொல்றீங்க? ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் இடம் சும்மாத்தானே கிடக்கு?" என்றாள்.

"அங்கே உடைஞ்ச பூத்தொட்டியும் பழைய கதவும் கிடக்கு," என்றார் ஒருவர்.

"அதை எடுத்தா இடம்," என்றாள் அவள்.

பேச்சு அரை மணி நேரம் இழுத்தது. பின்பக்கம் நாய் வரும் என்றார் ஒருவர். துணி காணாமல் போனால் யார் பொறுப்பு என்றார் இன்னொருவர். பல் டாக்டர் கடைசியில் கையை விரித்தார். "வீடு பார்க்க வர்றவங்க பின்னாடி போய்ப் பார்க்கப் போறதில்ல. சரி, பின்பக்கம் போடுங்க. பால்கனியில வேண்டாம். சூரியன் இறங்குறதுக்குள்ள எடுத்துடணும்." அது முழு வெற்றி இல்லை. பால்கனிக் கயிறுகள் அன்றே அவிழ்ந்தன. ஆனால் விதியில் ஒரு சொற்றொடர் கூடியது. சட்டம் சார் அதைத் தன் கையாலேயே எழுதினார். 'வேறெந்த இடத்திலோ' என்பதற்குப் பிறகு, 'பின்முற்றம் நீங்கலாக' என்று சேர்த்தார்.

பூத்தொட்டிகளை அப்புறப்படுத்த ஒரு விடுமுறை நாள் போயிற்று. இரும்புக் குழாய் நட்டு, குறுக்கே கம்பிகள் இழுத்தார்கள். எத்தனை கம்பி, எவ்வளவு இடைவெளி என்று அவர் நாடாவோடு நின்று அளந்தார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று நீளப் போர்வைக்கு. நடுவே நாலு கம்பி மற்றதற்கு. ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை. பெண்களில் இரண்டு பேர் மட்டும் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார்கள்.

மாதங்கள் ஓடின. அவள் கட்டிலிலிருந்து எழுந்து, வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடந்து, பிறகு கைத்தடியோடு சமையலறை ஜன்னல்வரை வந்தாள். அந்த ஜன்னல் பின்முற்றத்தைப் பார்த்தது. அங்கே நின்றபடி அவருக்கு உத்தரவு போடுவது அவளுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. "தோள்ல கிளிப் போடாதீங்க, சட்டைக்குக் கொம்பு முளைக்கும்! கீழ் ஓரத்துல போடுங்க!" கட்டடத்தில் பாதிப் பேர் அதைக் கேட்டே துணி போடக் கற்றுக்கொண்டார்கள்.

கோடையின் நடுவில் ஒரு நாள், எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம், வானம் திடீரென்று கறுத்தது. காற்று புழுதியைத் தூக்கி அடித்தது. பின்முற்றத்தில் ஆறு கம்பியும் நிரம்பித் துணி.

"என்னங்க, மழை!" என்று ஜன்னலில் நின்று அவள் கத்தினாள். "ஓடுங்க, ஓடுங்க!"

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் கீழே ஓடினார். தங்கள் துணியை உருவிக்கொண்டு திரும்பியவரை அந்தக் குரல் நிறுத்தியது.

"எல்லாத்தையும் எடுங்க!"

"எது யாருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க எடுத்துட்டு வாங்க, நான் சொல்றேன்!"

பெரிய துளிகள் விழத் தொடங்கின. கிளிப்புகள் தெறித்து விழ, கைக்கு வந்ததையெல்லாம் வாரித் தோளிலும் தலையிலும் போட்டுக்கொண்டு ஓடினார். காவலாளியும் குடையை வீசிவிட்டுக் கூட ஓடி வந்தார். மூன்று நடையில் முற்றம் காலியானது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

கட்டில் மேல் துணி மலையாகக் குவிந்தது. அவள் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து உதறி, மடித்து, பிரித்து வைத்தாள். "இந்த வெள்ளைக் கோட்டு டாக்டருது, பொத்தான் போயிருக்கு பாருங்க. அந்த ஊசி நூலை எடுங்க. இது ரெண்டாம் மாடி. இந்தப் பூப்போட்ட உறை அந்தப் புதுசாக் கல்யாணம் ஆனவங்களோடது. இது காவலாளி சட்டை, அவர் சொல்லவே இல்லை பாருங்க, அவரும் இங்கதான் காயப்போடுறார்." அவர் தரையில் உட்கார்ந்து காலுறைகளுக்கு ஜோடி தேடினார். பிறர் வீட்டுத் துணி அவர் மடியில் கிடந்தது. இற்றுப்போன ஒரு பனியனும் அதில் இருந்தது. யாருடையது என்று கேட்காமல், மடித்து, ஒரு துண்டுக்கு நடுவில் வைத்தார்.

சாயங்காலம் ஒவ்வொருவராக வந்தார்கள். துணி வாங்க வந்தவர்கள் மழை விடட்டும் என்று உட்கார்ந்தார்கள். வயலின் பெண்ணின் குழந்தை பாதி மடித்த குவியலின் மேலேயே தூங்கிவிட்டது. எழுப்ப மனமில்லாமல் அவளும் இருந்துவிட்டாள். பல் டாக்டர் தன் கோட்டில் புதுப் பொத்தானைத் தடவிப் பார்த்துவிட்டு, டீயை ஊதி ஊதிக் குடித்தார். கூடத்தில் உட்கார இடமில்லை. முன்பு அங்கே நடந்த சங்கக் கூட்டத்துக்குக்கூட இவ்வளவு பேர் வரவில்லை.

எல்லோரும் போன பிறகு கட்டிலில் ஒரு நீலத் துண்டு மட்டும் மிச்சம் இருந்தது.

"இது யாருது?" என்று கேட்டார் அவர்.

அவள் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். முகர்ந்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "தெரியலையே. புதுசா யாரோ போட ஆரம்பிச்சிருக்காங்க."

"கீழே அறிவிப்புப் பலகையில எழுதிப் போடட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம்," என்றாள். "வெச்சிருங்க. தேடிட்டு வருவாங்க. கேத்தல்ல இன்னும் டீ இருக்கா?"